எடுக்கப்படாத படத்துக்காகச் சிறைக்குப் போனவர்

எல்லோருக்கும் வணக்கம். மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். மின்விசிறிச் சத்தத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

படம் எடுத்ததற்காகச் சிறைக்குப் போனவர்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். எடுக்கப்படாத படத்துக்காகச் சிறைக்குப் போன ஒரு விமர்சகரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அந்தப் படத்துக்கான கதைக்குறிப்பைக்கூட அவர் எழுதவில்லை. நண்பர் எழுதிக் கொடுத்ததைத் தன் பத்திரிகையில் அச்சிட்டார். அவர் பெயர் குயிதோ அரிஸ்டார்க்கோ. இத்தாலிக்காரர். 1918இல் பிறந்து 1996இல் மறைந்தவர்.

1952 டிசம்பரில் அவர் 'சினிமா நுவோவோ' என்ற பத்திரிகையை மிலான் நகரத்தில் தொடங்கினார். புதிய சினிமா என்று பொருள். மாதம் இருமுறை. நான்காவது இதழ் 1953 பிப்ரவரியில் வந்தது. அதில் ரென்சோ ரென்சி என்ற விமர்சகர் 'ஸாகப்போ படை' என்ற தலைப்பில் ஒரு படத்துக்கான யோசனையை எழுதியிருந்தார். ஸாகப்போ என்றால் கிரேக்க மொழியில் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்'. கிரீஸை ஆக்கிரமித்திருந்த இத்தாலியப் படைக்கு ஒட்டிக்கொண்ட கேலிப்பெயர் அது. சண்டை போட வந்தவர்கள் பெண்கள் பின்னால் அலைந்தார்கள் என்று கிண்டல்.

கிண்டலுக்கு அடியில் இருந்தது சிரிக்கிற விஷயமில்லை. 1940 அக்டோபரில் முசோலினி கிரீஸ் மீது படையெடுத்தார், தோற்றார், ஜெர்மானியர்கள் வந்து காப்பாற்றினார்கள். அப்புறம் 1943 செப்டம்பர் வரை கிரீஸின் பெரும்பகுதி இத்தாலியப் படையின் கையில். 1941–42 குளிர்காலத்தில் அங்கே கொடும் பஞ்சம். ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் விழுந்து செத்தார்கள். ஒரு ரொட்டிக்காகப் பெண்கள் சிப்பாய்களிடம் போனார்கள். ரென்சி அந்தப் படையில் அதிகாரியாக இருந்தவர். 'நாங்கள் செய்தது இது, இதை யாராவது படமாக எடுங்கள்' என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். யார் மீதும் பழி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், தன்னையும் கூண்டில் நிறுத்திக்கொண்டு எழுதினார்.

செப்டம்பரில் இருவரையும் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு: ஆயுதப்படைகளை இழிவுபடுத்தியது. கார்தா ஏரிக்கரையில் பெஸ்கியெரா என்ற ஊரில் பழைய கோட்டை ஒன்று இருக்கிறது, அப்போது அது ராணுவச் சிறை. அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். இருவரும் அப்போது சாதாரணக் குடிமக்கள். ஒருவர் பத்திரிகை ஆசிரியர், மற்றவர் எழுத்தாளர். ஆனால் முன்பு ராணுவத்தில் இருந்தவர்களை, மறுபடி அழைக்கப்படக்கூடியவர்கள் என்பதால், இன்னும் படையைச் சேர்ந்தவர்களாகவே கருதலாம் என்று ஒரு வாதம். முசோலினி காலத்து ராணுவச் சட்டம் குடியரசிலும் உயிரோடு இருந்தது. மிலான் ராணுவ நீதிமன்றத்தில் அக்டோபரில் விசாரணை. இருவருக்கும் சில மாதச் சிறைத்தண்டனை. பிறகு அதை நிறுத்திவைத்து வெளியே விட்டார்கள். ரென்சியின் ராணுவப் பதவியைப் பறித்தார்கள். பறித்ததில் அவருக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாடு முழுக்கக் கூச்சல். பியெரோ கலமாந்த்ரேய் என்ற பெரிய சட்ட அறிஞர் இவர்கள் பக்கம் நின்றார். அடுத்த வருடம் மூவரின் எழுத்தும் சேர்ந்து ஒரு புத்தகமாக வந்தது. குடிமக்களை ராணுவ நீதிமன்றத்துக்கு இழுக்கும் வழியைப் பின்னால் சட்டம் போட்டுக் குறுக்கினார்கள். அது இந்த வழக்கில் கிடைத்த லாபம்.

இது திடீரென்று வந்த கோபம் இல்லை. அதற்கு முந்தைய வருடம் 1952இல், அரசாங்கத்தில் சினிமா விவகாரங்களைக் கவனித்துவந்த ஜூலியோ அந்த்ரேயோத்தி, இயக்குநர் டி சிகாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 'உம்பர்த்தோ டி' படம் ஒரு ஓய்வூதியக் கிழவரின் வறுமையைக் காட்டி நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்ற வருத்தம். வீட்டு அழுக்கைத் தெருவில் அலசாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி. அதே ஆண்டு தொடக்கத்தில்தான் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி மதராஸுக்கும் வந்தது. டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' படத்தை இங்கே உள்ளவர்கள் வாயடைத்துப் பார்த்தார்கள். நாம் கொண்டாடிய படங்களை அவர்கள் ஊர் மந்திரிகள் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, அரிஸ்டார்க்கோவின் வேலைக்கு வருவோம். போர் முடிந்ததும் பாசிச எதிர்ப்புப் போராளிகளைப் பற்றிய ஒரு படத்தின் திரைக்கதையில் அவரும் பங்கெடுத்தார். ஆனால் அவர் மனம் போனது வாசிப்பின் பக்கம். 1951இல் சினிமாக் கோட்பாடுகளின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். கனூதோ, பலாஷ், புடோவ்கின், ஐசன்ஸ்டீன், அர்ன்ஹெய்ம் என்று ஒவ்வொருவராக எடுத்து, யார் என்ன சொன்னார்கள், எங்கே இடறினார்கள் என்று பார்க்கிற நூல். படங்களின் வரலாற்றைப் பலர் எழுதியிருந்தார்கள். படங்களைப் பற்றி நினைத்தவர்களின் வரலாறு எழுதத் தகுந்தது என்று ஒருவருக்குத் தோன்றியது எனக்கு இன்றும் வியப்பு.

அவருடைய குரு ஹங்கேரியத் தத்துவவாதி லூக்காச். 1936இல் லூக்காச் எழுதிய ஒரு கட்டுரை, இரண்டு குதிரைப் பந்தயங்களை ஒப்பிடுகிறது. ஒன்று பிரெஞ்சு எழுத்தாளர் ஸோலாவின் நாவலில் வருவது. குதிரைகள், சேணம், கூட்டம் எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் அந்த அத்தியாயத்தைப் பிய்த்து எடுத்தாலும் கதை பெரிதாகக் குலையாது. இன்னொன்று டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வில் வருவது. விரான்ஸ்கி குதிரையிலிருந்து விழுகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் அன்னா தன் காதலை மறைக்க முடியாமல் தவிக்கிறாள். அவள் வாழ்க்கையே அந்த நிமிடத்தில் திரும்புகிறது. முதலாவது வருணனை, இரண்டாவது கதை சொல்லல்.

இந்த அளவுகோலை அரிஸ்டார்க்கோ சினிமாவுக்குக் கொண்டுவந்தார். போருக்குப் பிறகு இத்தாலியில் சாதாரண மக்களின் வாழ்க்கையைப் படமாக்கிய போக்குக்கு நியோரியலிசம் என்று பெயர். அது தெருவைக் காட்டியது, நல்லது. ஆனால் எத்தனை நாள் தெருவையே காட்டிக்கொண்டிருப்பது? தெரு ஏன் இப்படி இருக்கிறது என்று எப்போது சொல்லப்போகிறோம்? டி சிகாவின் திரைக்கதாசிரியர் சவட்டினி, சாதாரண மனிதனின் சாதாரண நாளைப் பின்தொடர்வோம் என்றார். அது போதாது என்றார் அரிஸ்டார்க்கோ. நாட்குறிப்பு நாவலாக வேண்டும், நாவல் வரலாறாக வேண்டும்.

அந்த நேரத்தில் வந்தது இயக்குநர் விஸ்கோந்தியின் 'சென்சோ', 1954. கதை 1866இல் நடக்கிறது. வெனிஸ் இன்னும் ஆஸ்திரியாவின் பிடியில். ஒரு பிரபுவின் மனைவி எதிரிப்படை அதிகாரியிடம் மயங்கி, விடுதலைப் போராளிகளுக்காக வைத்திருந்த பணத்தையே அவனிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். காதல், துரோகம், குஸ்தோட்சா போர்க்களத்தில் தோல்வி. நியோரியலிசத்திலிருந்து யதார்த்தவாதத்துக்குச் சினிமா நடந்துவிட்டது என்று அரிஸ்டார்க்கோ கொண்டாடினார். கியாரினி போன்ற விமர்சகர்கள் மறுத்தார்கள்: இது யதார்த்தம் இல்லை, பட்டுத்துணியும் நாடக மேடையும் சேர்ந்த காட்சிவிழா. மாதக்கணக்கில் சண்டை.

அதே வருடம் வெனிஸ் விழாவில் இன்னொரு படமும் வந்தது. ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா'. 'லா ஸ்ட்ராடா'வுக்கு வெள்ளிச் சிங்க விருது, 'சென்சோ'வுக்கு எதுவுமில்லை. அரங்கிலேயே சீழ்க்கை அடித்தார்கள், தள்ளுமுள்ளு ஆனது. ரசிகர் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை!

அரிஸ்டார்க்கோ 'லா ஸ்ட்ராடா'வை ஏற்கவில்லை. மோசமாக எடுத்த படம், மோசமாக நடித்த படம் என்றெல்லாம் அவர் சொல்லவே இல்லை. அது உலகத்தைப் பார்க்கும் பார்வை தவறு என்றார். ஏழைத் தாய் ஒருத்தி தன் மகள் ஜெல்சொமினாவை ஒரு தெரு வித்தைக்காரனிடம் விற்கிறாள். ஏன் விற்கிறாள், எந்த நாட்டில் எந்தக் காலத்தில் இது நடக்கிறது என்பதைப் படம் கேட்கவில்லை. தனிமை, அருள், ஆன்மா என்று போய்விடுகிறது. இதுதான் அவர் குறை.

இங்கே நான் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அரிஸ்டார்க்கோ தவறு என்றுதான் நினைக்கிறேன். அந்தப் படத்தில் கயிற்றில் நடப்பவன் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஜெல்சொமினாவிடம் காட்டி, இதற்கும் ஏதோ ஒரு பயன் இருக்கிறது, என்ன என்று எனக்குத் தெரியாது என்கிறான். அவள் அந்தக் கல்லை வாங்கிப் பார்க்கும்போது என் தொண்டை அடைத்தது. லூக்காச்சின் அளவுகோலில் அந்தக் கல்லுக்கு எடை கிடையாது.

விசித்திரம் என்னவென்றால், அரிஸ்டார்க்கோவுக்குக் கிடைத்த மிகச் சிறந்த மறுப்பிலும் கல்தான் வருகிறது. அதை எழுதியவர் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான். அவரும் 1918இல் பிறந்தவர். இத்தாலிய இடதுசாரி விமர்சகர்கள் இயக்குநர் ரோசெலினியைக் கைவிட்டிருந்தார்கள்; 'யூரோப்பா 51', 'இத்தாலியில் ஒரு பயணம்' எல்லாம் அவர்களுக்குப் பின்னடைவு. பஸான் ரோசெலினிக்காக வாதாடி அரிஸ்டார்க்கோவுக்கே ஒரு கடிதம் எழுதினார். அதில் ஓர் உவமை. செங்கல் வீடு கட்டுவதற்காகவே செய்யப்பட்டது. செங்கல்லாக ஆகும்போதே அது வீட்டின் பகுதியாகிவிட்டது. ஆற்றில் கிடக்கும் பாறைகள் அப்படி இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி நான் அக்கரைக்குப் போகலாம். போன பிறகும் அவை பாறைகளாகவே கிடக்கும். பழைய யதார்த்தக் கலை நிகழ்வுகளைச் செங்கல்லாக அறுத்துக் கட்டுகிறது. ரோசெலினி பாறைகளைக் கிடக்கிறபடி விட்டுவிடுகிறார். தாவுவது பார்க்கிறவன் வேலை.

சினிமா பற்றி எழுதப்பட்ட மிக அழகான பக்கங்களில் அது ஒன்று. அது எங்கே வெளிவந்தது தெரியுமா? 1955இல், 'சினிமா நுவோவோ'வில். அரிஸ்டார்க்கோவின் சொந்தப் பத்திரிகையில்! தன்னை அடிக்கும் கையைத் தானே மேடையேற்றினார். இரண்டு வருடம் முன்பு, பிடிக்காத நாலு பக்கத்துக்கு அரசாங்கம் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கோட்டைக்குள் இருந்துவிட்டு வந்தவர், தனக்குப் பிடிக்காத பக்கங்களை அச்சுக்கு அனுப்பினார். அவருடைய தீர்ப்புகளில் பாதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தும் அவரைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் இதுதான்.

பஸான் நாற்பது வயதிலேயே, 1958இல், இறந்துவிட்டார். அரிஸ்டார்க்கோ நெடுங்காலம் இருந்தார். பல்கலைக்கழகங்களில் சினிமா கற்பித்தார், பத்திரிகையை விடாமல் நடத்தினார்.

ரென்சியின் படம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். யாரும் எடுக்கவில்லை. 1965இல் இத்தாலிய இயக்குநர் சுர்லினி எடுத்த ஒரு படம் அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. கிரேக்கப் பெண்களைச் சிப்பாய்களுக்கான விடுதிகளுக்கு லாரியில் ஏற்றிச் செல்லும் ஓர் அதிகாரியின் கதை. அப்புறம் 1991இல் 'மெடித்தெரானியோ' வந்தது. கிரேக்கத் தீவு ஒன்றில் எட்டு இத்தாலியச் சிப்பாய்கள் போரை மறந்து பந்து விளையாடுகிறார்கள், சர்ச் சுவரில் படம் வரைகிறார்கள், ஒருவன் அந்த ஊர் விலைமாதுவைக் காதலித்துக் கல்யாணமே பண்ணிக்கொள்கிறான். பார்க்க இதமான படம், பொய் சொல்லமாட்டேன், நானும் ரசித்தேன். ஸாகப்போ படைதான், ஆனால் பஞ்சத்தின் நிழல் அதன் மீது விழவில்லை. 1992இல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. அரிஸ்டார்க்கோவுக்கு அப்போது 73 வயது.