மேல் கல்லும் கீழ்க் கல்லும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் வேலூர் மக்களே, வணக்கம்.

"வெள்ளைக்காரன் வைத்த நினைவுக் கல்லை அகற்றுவதா? பக்கத்தில் நம் கல்லைச் சேர்ப்பதா?" இதுதான் தலைப்பு. சேர்ப்பதே சரி என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் இங்கே ஒரு கேள்வி கேட்டார். "நம்மைக் கலகக்காரன் என்று ஏசும் கல்லுக்கு நம் மண்ணில் என்ன வேலை?" அந்தக் கோபம் எனக்கும் வந்திருக்கிறது ஐயா. வந்த இடத்தைச் சொல்கிறேன்.

மகளின் நேர்முகத் தேர்வுக்காக டெல்லிக்குப் போயிருந்தேன். காஷ்மீரி கேட் பக்கம் லோதியன் சாலையில், தபால் அலுவலகத்துக்கு அருகே, நடுரோட்டில் ஒரு பழைய வாசல் நிற்கிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கும்பெனிப் படையின் ஆயுதக் கிடங்குக்குள் போகும் வாசல் அது. 1857 மே 11 அன்று மீரட்டிலிருந்து சிப்பாய்கள் டெல்லிக்குள் வந்ததும், லெப்டினன்ட் வில்லோபி உட்பட ஒன்பது ஆங்கிலேயர்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து சுட்டார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். நம்மவர்கள் மதிலேறிவிட்டார்கள், இனி உதவி வராது என்று தெரிந்ததும் வெடிமருந்துக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

வாசலில் 1888இல் வைத்த கல் இருக்கிறது. அந்த ஒன்பது பேரின் வீரத்தைப் புகழ்கிறது. நம்மவர்களைக் கலகக்காரர்கள், எதிரிகள் என்கிறது. வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம்தான் அதற்குக் கீழே இன்னொரு கல் இருப்பதைப் பார்த்தேன். சுதந்திரத்துக்குப் பிறகு வைத்தது. மேலே உள்ள கல்வெட்டில் கலகக்காரர்கள் எனப்படுவோர், கும்பெனிப் படையில் இருந்த இந்தியர்கள், அந்நிய ஆட்சியை அகற்ற முயன்றவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. அந்த வெயிலில் நின்று இரண்டையும் மூன்று தடவை வாசித்தேன். வயிற்றெரிச்சல் போய்க் கண் கலங்கிவிட்டது.

'மேலே உள்ள கல்வெட்டில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். நம் கல் மேல் கல்லைக் கைநீட்டிக் காட்டித்தான் பேசவே தொடங்குகிறது. தவிர, நம்மவர்கள் பெருந்திரளாக வந்தார்கள், மதிலேறினார்கள் என்று நமக்குச் சாட்சி சொல்வது யார்? நம்மை ஏசிய அதே கல்தான். அந்தச் சாட்சியை நாமே ஏன் கலைக்க வேண்டும்?

எதிரணியில் தங்கை, 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நியாயமான எடுத்துக்காட்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அந்தச் சிலையை எதிர்த்து 1927இல் சத்தியாகிரகம் நடந்தது, 1937இல் ராஜாஜி அரசு அதை அகற்றியது. ஆனால் எங்கே கொண்டுபோனார்கள்? எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு. உடைக்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. அதோடு, கொடியவனுக்குச் சிலை வைப்பது மரியாதை செய்வது. ஒரு கிடங்கு வாசலில் 'இங்கே இது நடந்தது' என்று கல் வைப்பது இடத்தை அடையாளம் காட்டுவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே அம்மா.

சரி, நம்ம கோட்டைக்கு வருவோம். 1806 ஜூலை 10, விடியும் முன்பே சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகைதான் என்ற உத்தரவு அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியிருந்தது. திப்புவின் புலிக்கொடி ஏறியது. காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து எல்லாவற்றையும் ரத்தத்தில் முடித்தார். விசாரணைக்குப் பிறகு 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

அன்று செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கோட்டையை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. நம்மவர்களுக்கு மக்கான் சந்திப்பில் தூண் இருக்கிறது. ஒரே காலையில் செத்தவர்கள். மக்கான் தூணுக்கு மாலை போட்டுவிட்டு நடந்துபோய் அந்தக் கல்லறையையும் வாசிக்கிற பிள்ளைக்குத்தான் அந்தக் காலை முழுசாகப் புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததும் கல்யாண மண்டபத்தில் குதிரை வீரர்களும் யாளிகளும் செதுக்கிய தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோயில் நெடுங்காலம் சாமி இல்லாமல் ஆயுதக் கிடங்காகக் கிடந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981இல்தான் கோட்டைக்குள் வந்தது. கற்பூரம் மணக்கிற இடத்தில் ஒரு காலத்தில் வெடிமருந்து மணந்தது என்று தெரிந்தபின், அந்தத் தீபாராதனையை நான் வேறு மாதிரிதான் கும்பிடுகிறேன். கிடங்காக இருந்த கதை அவமானம் என்று அதை மறைத்துவிட்டால், 1981இல் இந்த ஊர் எதை மீட்டது என்று என் பேத்திக்கு எப்படிச் சொல்வேன்?

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் எதிரணியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். டெல்லி வாசலின் மேல் கல்லைக் கழற்றிவிட்டதாக வைத்துக்கொண்டு, கீழ்க் கல்லை மட்டும் இந்த மேடையில் வாசித்து, அதற்கு என்ன பொருள் என்று சபைக்குச் சொல்லட்டும். வணக்கம்.