முந்துறதும் பிந்துறதும்: 'மாறுபட்ட குணமே' அணிக்கான பட்டிமன்ற உரை

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணிக்கும், தூங்குற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு இந்நேரம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

'இல்லறம் சிறக்க ஒத்த குணமா, மாறுபட்ட குணமா?' இதுதான் தலைப்பு. எதிரணி சகோதரி எத்தனையோ குணம் இருக்க ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்தாங்க. கலகலன்னு பேசற ஆளு, அமைதியா இருக்கிற ஆளு. எக்ஸ்ட்ரோவர்ட், இன்ட்ரோவர்ட்னு இன்னைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்ககூடச் சொல்லுது. 1921-ல சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் பிரிச்சுக் காட்டினது அது. நானும் அதையே எடுத்துக்கறேன். ஏன்னா சகோதரி சொன்ன ஒரு வரிக்கு நீங்க தட்டின கைதட்டல் இன்னும் பந்தல்ல நிக்குது. "பேசாத ஆளைக் கட்டிக்கிட்டு வாழறது, சுவிட்சைப் போட்டும் சுத்தாத ஃபேனுக்கு அடியில படுக்கற மாதிரி. காலம் பூரா புழுங்கணும்"னாங்க.

அம்மா, அந்த ஃபேன் அப்படியே இருக்கட்டும். அதைக் கழட்டிப் பார்க்காம இந்த மேடையை விட்டு இறங்கறதா இல்லை.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இனம் இனத்தோடதான் சேரும்னு அவங்க அணித்தலைவர் ஆரம்பிச்சு வச்சாரு. அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல நூறு வருஷத்துக்கும் மேல வந்த ஆய்வுகளைத் திரட்டி, 2023-ல ஒரு முடிவு வெளியிட்டாங்க. தம்பதிங்க எதெதுல ஒத்துப்போறாங்கன்னு 22 விஷயம் பார்த்தாங்க. படிப்புல ஒத்துப்போறாங்க, அரசியல்ல ஒத்துப்போறாங்க, மத நம்பிக்கையில ஒத்துப்போறாங்க. கலகலப்புல பார்த்தா ஏறக்குறைய ஒரு ஒட்டும் இல்லை. பேசறவங்க பேசறவங்களையேதான் தேடிப் போவாங்கன்னு சொல்றதுக்கு வழியே இல்லை. இது போதும், ஃபேனுக்கு வருவோம். இல்லை, ஃபேனுக்கு முன்னாடி ஒரு வீட்டுக்குப் போவோம்.

வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பஸ்ல பக்கத்து சீட்டுல உட்கார்ந்தவர் இறங்கறதுக்குள்ள அவரோட சம்பந்தி பேரு வரைக்கும் தெரிஞ்சுக்குவாரு. வீட்டம்மா கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதறவங்க. நாள் முழுக்க எழுதின கணக்குல ஒரு பைசா இடிக்காது. பேச்சு மட்டும் கணக்கா வரும்.

ஒரு ஞாயித்துக்கிழமை சொந்தத்துல ஒரு வளைகாப்பு. காலையில 9 மணிக்குப் போன அந்தம்மா 2 மணி வரைக்கும் கூட்டத்துல நின்னாங்க. வளையல் போட்டாச்சு, பந்தி பார்த்தாச்சு, "எப்ப விசேஷம், ஏன் இளைச்சுட்டே"க்கெல்லாம் சிரிச்சாச்சு. வீட்டுக்குப் போனா போதும்னு மண்டப வாசலுக்கு வந்தா, அங்க வீட்டுக்காரர் தன்னோட பழைய கூட்டாளிகளைப் பார்த்துட்டாரு. "அட, எல்லாரும் வீட்டுக்கு வாங்கப்பா! காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்!" எட்டு பேர். வீட்டுல இருக்கிறது அரை லிட்டர் பால்.

அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலை. பக்கத்து வீட்டுல பால் வாங்கினாங்க, காபி போட்டாங்க, எட்டு பேருக்கும் கொடுத்தாங்க. "துணி எடுத்துட்டு வரேன்"னு மொட்டை மாடிக்குப் போனாங்க. முக்கால் மணி நேரம் ஆச்சு. வரலை!

இந்த முக்கால் மணி நேரத்தை மாமியார் எப்படிச் சொன்னாங்க தெரியுமா? "கொடியில கிடந்தது நாலே நாலு துணி. நாலு துணி எடுக்க முக்கால் மணி நேரமா? மகா அழுத்தக்காரி!" கவனிச்சீங்களா? பையன் பேசாம இருந்தா 'தங்கமான பிள்ளை, வாயே திறக்க மாட்டான்'. மருமக பேசாம இருந்தா அழுத்தக்காரி, தலைக்கனம், உம்மணாமூஞ்சி. ஒரே மௌனத்துக்கு இந்த ஊர்ல ரெண்டு தராசு. இதை நான் எந்த மேடையிலயும் கண்டிப்பேன்.

வீட்டுக்காரர் எப்படிச் சொன்னாரு? "கூட்டாளிங்க எதிர்ல என் மானம் போச்சு. 'நாங்க வந்தது தங்கச்சிக்குப் பிடிக்கலையா'ன்னு கேட்டுட்டானுங்க." நேரா மாடிக்கு ஏறினாரு. "என்ன கோவம் உனக்கு?" "ஒண்ணுமில்லைங்க." "ஒண்ணுமில்லாமதான் இங்க வந்து நிக்கறியா?" "ஒண்ணுமில்லைங்க." "இப்பவே சொல்லு!" இவர் ஒரு படி முன்னால வந்தா அவங்க ஒரு படி பின்னால போறாங்க. அவங்க பின்னால போகப் போக இவர் குரல் ஏறுது. கீழே எட்டு பேரும் டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு மேல பார்க்கறாங்க.

இப்ப மூணாவது தடவை, அந்தம்மா பக்கத்துல இருந்து சொல்றேன். முக்கால் மணி நேரமும் மாடியில அவங்க என்ன செஞ்சாங்க? ஒண்ணுமே செய்யலை. தண்ணித் தொட்டி ஓரத்துல, நாலு துணியையும் கையில வச்சுக்கிட்டு சும்மா நின்னாங்க. கோவமும் இல்லை, அவமரியாதையும் இல்லை. "ஒண்ணுமில்லைங்க"ன்னு சொன்னது சத்தியமான வார்த்தை!

அது எப்படின்னு கேட்டா, லண்டன்ல ஹான்ஸ் ஐசென்க்னு ஒரு உளவியலாளர் இருந்தாரு. அமைதியானவங்க மூளை இயல்பாவே அதிக விழிப்புல இருக்கு, அதனால வெளியில இருந்து வர்ற சத்தம், கூட்டம், வெளிச்சம் சீக்கிரமே போதும் போதும்னு ஆயிடுதுன்னு சொன்னாரு. 1960-கள்ல ஒரு சோதனை செஞ்சாங்க. நாக்குல 4 சொட்டு எலுமிச்சைச் சாறு. அமைதியான குணக்காரங்களுக்குத்தான் எச்சில் அதிகமா ஊறுச்சு. அதே எலுமிச்சை, அதே 4 சொட்டு! உள்ள வாங்கிக்கிற உடம்பு வேற. அஞ்சு மணி நேர வளைகாப்பு அவருக்குத் தெம்பு, அவங்களுக்குக் களைப்பு. இதைக் கூச்சம்னு நினைச்சுக் குழப்பிக்கக் கூடாது. நாலு பேர் என்ன நினைப்பாங்களோன்னு பயப்படறதுதான் கூச்சம். அந்தம்மாவுக்குப் பயமே கிடையாது. சங்கத்துல தணிக்கைக்கு வர்ற அதிகாரி முன்னாடி நிமிர்ந்து நின்னு கணக்குச் சொல்றவங்க.

இப்ப ஃபேனுக்கு வரேன், சகோதரி.

சுவிட்சைப் போட்டும் ஃபேன் சுத்தலைன்னா எலக்ட்ரீசியன் முதல்ல என்ன பண்ணுவாரு? ஒரு குச்சியை எடுத்து இறக்கையை லேசாத் தள்ளுவாரு. தள்ளினதும் மெல்ல சுத்துச்சுன்னா, "ஃபேன் நல்லாத்தான் இருக்கு, கண்டென்சர் போச்சு"ம்பாரு. உள்ள ரெண்டு காயில் இருக்கு. ஒண்ணு ரன்னிங், ஒண்ணு ஸ்டார்ட்டிங். ரெண்டுலயும் மின்சாரம் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி ஏறி இறங்கினா ஃபேன் சுத்தாது. 'உம்ம்'னு உறுமிக்கிட்டு நிக்கும். நடுவுல 2.5 மைக்ரோஃபாரட்னு எழுதின ஒரு சின்ன கண்டென்சர் இருக்கு. அதுதான் ஒரு காயில்ல மின்சாரத்தை முந்த வைக்குது. இன்னொண்ணுல அது பிந்திப் போகுது. ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்திப் போறதாலதான் உள்ள காந்தப்புலம் சுழலுது, காத்து வருது!

ரெண்டும் ஒத்த குணமா இருந்தா சுத்தாதுன்னு நான் சொல்லலை சகோதரி, நீங்க கொண்டு வந்த ஃபேன் சொல்லுது! கண்டென்சர் போன ஃபேனைக் குச்சியால தள்ளினா ஓடும், ஆனா முழு வேகம் எடுக்காது. "பேசு, பேசு, ஏன் பேச மாட்டேங்கற"ன்னு வீட்டுல செய்யறதெல்லாம் அந்தக் குச்சி வேலைதான். மாத்த வேண்டியது ஃபேனை இல்லை, கண்டென்சரை.

வீட்டுல கண்டென்சர் எங்க இருக்கு? அந்த ரெண்டு பேரும் ஒரு வருஷமா முட்டி மோதிக் கண்டுபிடிச்சாங்க. எழுதிக்கிறவங்க எழுதிக்குங்க.

முதல்ல விருந்தாளி. கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு போன், முடிஞ்சா ஒரு நாள் முன்னாடி. "நாளைக்கு நாலு பேர், 4 மணிக்கு வந்து ஆறரைக்குக் கிளம்பிடுவாங்க, வரச் சொல்லட்டுமா?" எத்தனை பேர், எப்ப வருவாங்க, எப்ப போவாங்கன்னு மூணும் இருக்கணும். போற நேரத்தைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. முடிவு தெரியாத கூட்டம்தான் அமைதியான ஆளைக் களைச்சுப் போக வைக்குது. முடிவு தெரிஞ்சா ரெண்டரை மணி நேரமும் அவங்களே சிரிச்ச முகமாக் கூட உட்காருவாங்க.

ரெண்டாவது, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற நேரம். முதல் அரை மணி அவங்களுக்கு. யாரும் கேள்வி கேட்கறதில்லை. அடுத்த அரை மணி அவருக்கு. செல்போனைக் கவுத்து வச்சுட்டுக் காது கொடுத்துக் கேட்கணும். இதுல தப்பு நடக்கிற இடம் அமைதியான ஆளு பக்கம்தான், அதையும் சொல்லிடறேன். "அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டு அந்த 'அப்புறம்' வர்றதே இல்லை. பேசற ஆளுக்கு அது எப்படிக் கேக்கும்? 'நீ வேண்டாம்'னு கேக்கும். அதனாலதான் அவர் துரத்தறாரு. "ஏழரைக்குப் பேசலாம்"னு மணியைச் சொல்லுங்க. ஏழரைக்கு நீங்களே போய்ப் பக்கத்துல உட்காருங்க. கூப்பிட வைக்காதீங்க.

மூணாவது, சண்டை. அமெரிக்காவுல சியாட்டில்ல தம்பதிகளை உட்கார வச்சு, உடம்புல கருவி மாட்டிப் பல வருஷம் ஆராய்ஞ்சவர் ஜான் காட்மன். சண்டையில நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டிட்டா, எதிராளி சொல்றது மண்டையில ஏறாது, குறைஞ்சது 20 நிமிஷம் விலகி இருங்கன்னாரு. அந்த 20 நிமிஷமும் 'அவர் அப்படிச் சொன்னாரே'ன்னு உள்ளுக்குள்ள ஓட்டிப் பார்த்தா துடிப்பு இறங்காது. செடிக்குத் தண்ணி ஊத்துங்க, பாத்திரம் கழுவுங்க.

கேள்வி கேட்டா காத்திருங்க. மேரி பட் ரோங்கிற ஆராய்ச்சியாளர் 1970-கள்ல வகுப்பறையில உட்கார்ந்து கவனிச்சாங்க. டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு வினாடிதான் பொறுக்கறாங்க. அதை மூணு வினாடியா ஆக்கினதும், வாயே திறக்காத பிள்ளைங்க எழுந்து பதில் சொல்லுச்சு. மூணே வினாடி! நம்ம வீட்டுல அந்த மூணு வினாடிக்குள்ள நாம இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுடறோம்.

பேசற ஆளுக்கும் ஒரு வார்த்தை. உங்க பேச்சு முழுசையும் ஒரே ஜோடிக் காதுல ஊத்தாதீங்க. காலையில நடக்கப் போற கூட்டம், டீக்கடை, தங்கச்சிக்குப் போன், எல்லாம் இருக்கட்டும். கல்யாண வீட்டுக்கு வண்டியில சேர்ந்து போங்க. அவங்களுக்குப் போதும்னு ஆயிட்டா ஆட்டோவுல முன்னாடியே அனுப்பி வைங்க. யாராவது கேட்டா, "நான்தான் போகச் சொன்னேன்"னு நீங்க சொல்லணும். அந்த ஒரு வார்த்தையில அவங்க 'அழுத்தக்காரி'ங்கற பேர்ல இருந்து தப்பிச்சுடுவாங்க.

மணி அடிச்சுட்டீங்க ஐயா. ரெண்டு நிமிஷம் கொடுங்க, அந்த வீட்டுக் கதையில மிச்சம் ஒண்ணு இருக்கு.

பல வருஷம் கழிச்சு அந்த இன்சூரன்ஸ்காரருக்குப் பக்கவாதம் வந்துச்சு. வலது கை விழுந்துச்சு, பேச்சு போச்சு. பஸ்ல ஊரையே பேசிப் பழகின மனுஷனுக்கு, தண்ணி வேணும்னு கேட்க ஒரு வார்த்தை வரலை. நாம சொல்றது புரியுது, சொல்ல வர்றது வாய்க்கு வரலை. பார்க்க வந்த சொந்தக்காரங்க பத்து பேர் சுத்தி நின்னு ஒரே நேரத்துல கேட்டாங்க. "என்ன வேணும்? காபியா? டிவி போடட்டுமா?" அவர் கண்ணுல தண்ணி வழியுது.

இப்படிப்பட்ட நோயாளிகிட்ட எப்படிப் பேசணும்னு பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. டிவியை நிறுத்துங்க. ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் பேசுங்க. ஒரு கேள்வி கேளுங்க, சின்னதா கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பொறுங்க. அவர் வார்த்தையை நீங்க முந்திக்கிட்டு முடிக்காதீங்க. அந்தம்மாவுக்கு இதுல எதையும் புதுசா கத்துக்க வேண்டி இருக்கலை ஐயா! பொறுத்திருக்கிறது அவங்க பிறவிக்குணம். சொந்தக்காரங்களை ஒவ்வொருத்தரா வெளியில உட்கார வச்சாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு "தண்ணியா?"ன்னு கேட்டாங்க. காத்திருந்தாங்க. மூணு வினாடியும் போச்சு, முப்பது வினாடியும் போச்சு, அவங்க கண்ணை எடுக்கலை. அந்த மனுஷன் "த... ண்ணி"ன்னாரு.

அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் அந்தம்மா பேசினாங்க. அந்த அழுத்தக்காரி பேசினாங்க! தெருவுல யாரு வந்தா, யாரு போனா, யாரு பொண்ணுக்கு வரன் அமைஞ்சுது, கூட்டாளிங்க எட்டு பேர்ல இன்னைக்கு யாரு போன் பண்ணினாங்க, ஒண்ணு விடாம. ஆயுசு முழுக்க அவர் கொண்டு வந்து கொட்டின ஊர்க்கதையை இப்ப அவங்க சேகரிச்சுக் கொண்டு வந்து கொடுத்தாங்க.

ஒத்த குணம்தான் வேணும்னு பொருத்தம் பார்த்திருந்தா, இந்த ரெண்டு பேரையும் சேர்த்தே வச்சிருக்க மாட்டீங்களே, சகோதரி! நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதறப்ப இந்த அம்மாவை மனசுல வச்சுக்கிட்டு எழுதுங்க. நன்றி, வணக்கம்!