நாவலுக்கு முன்னால் நாற்பது வருஷம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே, சாப்பாட்டு நேரம் நெருங்கியும் எழுந்து போகாமல் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உருது எழுத்தாளர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி நிலைத்து நிற்கப்போவது நாவலாசிரியராகவா, விமர்சகராகவா? இதுதான் இன்றைய வழக்கு. நான் விமர்சகரின் வக்கீல். எனக்கு முன்னால் பேசிய சகோதரி அவருடைய நாவலைப் பற்றி உருகி உருகிப் பேசினார். போகிற போக்கில், "விமர்சனம் படித்து யாராவது அழுதிருக்கிறார்களா?" என்று ஒரு கேள்வியையும் போட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எதிரணிக்கு என் பங்குக்கு ஒரு கேள்வி. ஃபாரூக்கி 1990களின் கடைசியில்தான் கதை பக்கம் தீவிரமாக வந்தார். அந்தத் தொடக்கக் கதைகள் எந்தப் பெயரில் வந்தன? அவருடைய சொந்தப் பத்திரிகையிலேயே, புனைபெயரில் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் காலிப்பைப் பற்றிய கதையில் 'பேனி மாதவ் ருஸ்வா' என்று யாரோ ஒருவர் பெயர் இருந்தது. விமர்சகராக அவர் பேர் வாங்கியது முகமூடி போட்டு அல்ல. பாதி உருது உலகத்தோடு சண்டை போட்டார், சொந்தப் பெயரில். எந்த வேலையைத் தன் வேலை என்று நினைத்தார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1935இல் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கரில் பிறந்தவர். 1955இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார், அதுவும் ஆங்கில இலக்கியத்தில். 1958இல் அஞ்சல் துறை அதிகாரியானார். 1994இல் அஞ்சல் வாரிய உறுப்பினராக ஓய்வு பெறும்வரை அரசாங்கச் சம்பளம்தான். 2020 டிசம்பர் 25 அன்று, கொரோனா தொற்றின் பின்விளைவுகளோடு போராடி, அதே அலகாபாத்தில் மறைந்தார். பிழைப்புக்கு உருதுப் பேராசிரியர் வேலையை நம்பியவர் இல்லை. பகலில் ஊர்க் கடிதங்கள், ராத்திரியில் பதினெட்டாம் நூற்றாண்டு.

1966இல் அலகாபாத்திலிருந்து 'ஷப்கூன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெயருக்கு அர்த்தம் இரவுத் தாக்குதல். தபால் அதிகாரி வைக்கிற பெயரா இது! கிட்டத்தட்ட நாற்பது வருஷம் நடந்தது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும், அதன் செலவு வீட்டுச் செலவிலிருந்துதான் வரும். இங்கே வந்தது அவர் மனைவி ஜமீலா அம்மையாரின் சம்பளத்திலிருந்து. பள்ளி நடத்திக்கொண்டிருந்த அந்த அம்மா இல்லாவிட்டால் அந்த இரவுத் தாக்குதல் இரண்டாவது இதழோடு விடிந்திருக்கும்.

சரி, தாக்குதல் யார் மீது? அன்றைக்கு உருதுவில் முற்போக்கு எழுத்தாளர்களின் கொடி பறந்தது. ஒரு கவிதை வந்தால், 'இது மக்களுக்கு என்ன சொல்கிறது, எந்தப் பக்கம் நிற்கிறது' என்றுதான் முதல் கேள்வி. ஃபாரூக்கி அதற்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கொண்டுவந்து வைத்தார்: இது கவிதைதானா? எதனால் கவிதை? இதற்காகவே 'கவிதை, கவிதை அல்லாதது, உரைநடை' என்ற தலைப்பில் ஒரு புத்தகமே எழுதினார். கோபத்தோடு நிறைய பேர் படித்தார்கள், ஆனாலும் படித்தார்கள்.

எதிரணித் தலைவர் இங்கே ஒரு குற்றச்சாட்டு வைத்தார். 'புதுக்கவிதைக்குக் கொடி பிடித்தவர், பிறகு ஈரடிகளாக வரும் பழைய காதல் கவிதையான கஜலுக்குப் போய்விட்டார். நிலையில்லாத மனிதர்' என்றார். ஐயா, ஆள் மாறவே இல்லை. புதுக்கவிஞனை அவனுடைய சட்டப்படி விசாரி என்றார் முதலில். பழைய கவிஞனை அவனுடைய சட்டப்படி விசாரி என்றார் பிறகு. இரண்டும் ஒரே வாதம். நடுவர் ஐயாவுக்கு இது சட்டென்று புரியும்: தப்பான சட்டத்தில் வழக்கு நடந்தால் யாரையும் குற்றவாளி ஆக்கிவிடலாம்.

உருதுக் கவிதை மீது அப்படி ஒரு வழக்கு உண்மையிலேயே நடந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் ஃபாரூக்கியைச் சொல்ல முடியாது.

1857. டெல்லி வீழ்கிறது. முஹம்மத் ஹுசைன் ஆஸாத் என்கிற இளைஞரின் வீட்டுக்குள் பட்டாளம் நுழைகிறது. வீட்டை விட்டு ஓடவேண்டிய நேரத்தில் அவர் தன் ஆசான் ஸௌக்கின் கஜல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருடைய தந்தையை ஆங்கிலேயர் கொன்றார்கள். அப்படிப்பட்டவர் பதினேழு வருஷம் கழித்து, 1874இல், லாகூரில், ஆங்கிலேய அதிகாரிகளின் ஆதரவோடு புதுவகை முஷாயிரா, அதாவது கவியரங்கம், நடத்துகிறார். காதல் வேண்டாம், 'மழைக்காலம்' போன்ற தலைப்பில் எழுதுங்கள் என்கிறார்கள். தோற்றவனுக்குத் தன் பாட்டும் தோற்றதாகத்தானே தோன்றும்? 1893இல் கவிஞரும் விமர்சகருமான ஹாலி வந்து சட்டப் புத்தகத்தையே எழுதினார். நல்ல கவிதைக்கு மூன்று அடையாளம்: எளிமை, உண்மை, உணர்ச்சி வேகம். இது எங்கிருந்து வந்தது? மில்டனிடமிருந்து. ஆங்கிலக் கவி மில்டன் எங்கே, பதினெட்டாம் நூற்றாண்டு உருதுக் கவி மீர் எங்கே! அந்தச் சட்டத்தில் பழைய கஜல் நின்றால் என்ன ஆகும்? செயற்கை, மிகை, பொய் என்று தீர்ப்பு. அதற்கப்புறம் மூன்று தலைமுறை உருதுப் பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் கவிதையை வெட்கத்தோடு படித்தார்கள்.

ஆஸாதையும் ஹாலியையும் நான் வில்லன்களாக்கவில்லை. உருதுக் கவிஞர்களைப் பற்றிய ஆஸாதின் புத்தகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்த வேலையில் ஃபாரூக்கியே கைகொடுத்தார். ஆனால் அந்தத் தீர்ப்பின் மீது அவர் மேல்முறையீடு போட்டார். அதுதான் மீர் தகீ மீரைப் பற்றி நான்கு தொகுதிகளாக வந்த 'ஷேரே ஷோர் அங்கேஸ்'. ஆரவாரம் கிளப்பும் ஈரடி என்று சொல்லலாம், மீரின் வரியிலிருந்தே எடுத்த தலைப்பு. 1990களின் தொடக்கத்தில் வெளிவரத் தொடங்கி 1994இல் முடிந்தது. கணக்குப் பாருங்கள், அவர் ஓய்வு பெற்ற வருஷம். உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதியது.

அதுவரை மீர் யார்? அழுமூஞ்சி மீர். ஆறு திவான்கள், அதாவது கவிதைத் தொகுப்புகள், எழுதியவர், அதில் தேறுவது எழுபத்திரண்டு ஈரடிகள்தான், அவை எழுபத்திரண்டு குத்தூசிகள் என்று ஒரு பழங்கதை. மிச்சத்தை யாரும் புரட்டுவதில்லை. ஃபாரூக்கி எல்லாவற்றையும் புரட்டினார். சிரிக்கிற மீர், கிண்டல் பண்ணுகிற மீர், கொச்சையாகப் பேசுகிற மீர், சொல்லை வைத்துச் சிலம்பாடுகிற மீர் எல்லோரும் வெளியே வந்தார்கள். அதைவிடப் பெரிய காரியம், அந்தக் காலத்துக் கவிகள் எந்த விதிகளை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பதைத் தோண்டி எடுத்தது. மஸ்மூன் என்றால் கவிதையின் கருப்பொருள். அழகை வாளாக்குவது, காதலனை அதில் வெட்டுப்படச் செய்வது, இதெல்லாம் பரம்பரைச் சொத்து, யாரும் எடுக்கலாம். அதில் புதிதாக ஒரு திருப்பம் கொண்டுவருவது ஒரு திறமை. ஒரே வரியில் பல பொருள் பிறக்க வைப்பது, மஆனி ஆஃப்ரீனி, இன்னொரு திறமை. பொருள் பிடிபடுவதற்கு முன்பே மனம் கரைந்துவிடுகிறதே, அதற்கு கைஃபியத் என்று தனிப் பெயர். இந்தச் சொற்கள் எல்லாம் உருதுவில் இருந்தவைதான். பட்டுவாடா ஆகாமல் நூறு வருஷம் கிடந்த கடிதம் மாதிரி. ஒரு தபால் அதிகாரிதான் வந்து கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொன்னார். கஜலில் 'நான்' என்று அழுகிறவன் கவிஞனே என்று நினைக்காதீர்கள் என்றார். இது நமக்குப் புதிதா? 'சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்' என்று அகத்திணைக்குத் தொல்காப்பியர் எழுதிவைத்துவிட்டார். தலைவன் எந்த ஊர், யாரைக் காதலித்தான் என்று நாம் குறுந்தொகையிடம் முகவரி கேட்பதில்லை. உருதுவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மொழி வரலாற்றிலும் இதே வேலைதான். உருது என்றால் படைமுகாம், ஆகவே அது பட்டாளத்தான்கள் பேசிப் பிறந்த மொழி என்று நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். அந்தப் பெயர் மொழிக்கு வந்ததே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான், அதற்கு முன் ஹிந்தி, ஹிந்தவி, ரேக்தா, குஜ்ரி, தக்கணி என்று பல பெயர்கள், டெல்லியில் இலக்கியம் முளைக்கும் முன்பே குஜராத்திலும் தக்காணத்திலும் அது தழைத்துவிட்டது என்று ஃபாரூக்கி அடுக்கினார். அந்தத் தக்கணி மரபில் வந்த பாகர் ஆகா, பெரியோர்களே, நம் வேலூரில் பிறந்தவர்.

அப்புறம் தாஸ்தான், வாய்மொழியாகச் சொல்லும் நெடுங்கதை. அமீர் ஹம்ஸாவின் சாகசங்கள், லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் போட்டது, 46 தடிமனான தொகுதிகள், நாற்பதாயிரம் பக்கத்துக்கு மேல். நாவல் படித்த கண்ணால் பார்த்து, 'கதைக்கட்டு இல்லை, பாத்திர வளர்ச்சி இல்லை' என்று தூக்கிப் போட்டிருந்தார்கள். ஃபாரூக்கி தொகுதி தொகுதியாகத் தேடிச் சேர்த்து, முழுக்கப் படித்து, இது காதால் கேட்பதற்குச் செய்தது ஐயா, வாயால் சொல்லி வளர்ப்பது, இதை நாவல் தராசில் நிறுக்காதீர்கள் என்று எழுதினார். டெல்லியின் கடைசி தாஸ்தான் சொல்லி மீர் பாகர் அலி 1928இல் இறந்ததோடு அந்தக் கலை அணைந்திருந்தது. 2005இல் ஃபாரூக்கியின் உறவுக்காரப் பிள்ளை மஹ்மூத் ஃபாரூக்கி மறுபடி மேடையேற்றினார். இன்றைக்கு வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட இளைஞர்கள் ஊர் ஊராக தாஸ்தான் சொல்கிறார்கள். விமர்சனம் நூலகத்தில் தூங்கும் என்றார்களே எதிரணியில்? இங்கே எழுந்து மேடைக்கே வந்துவிட்டது.

இப்போது அந்த நாவலுக்கு வருகிறேன். 2006இல் 'கயீ சாந்த் தே சரே ஆஸ்மான்' வந்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பெரிய நாவல்தான், மறுக்கவில்லை. கவிஞர் தாக்கின் தாய் வஸீர் கானமின் கதை. தாக்கின் தந்தை நவாப் ஷம்சுத்தீன் தூக்கில் தொங்குகிறார், கதை 1856இல் செங்கோட்டை வாசலில் முடிகிறது. நானும் இரண்டு இரவு தூங்காமல் படித்தவன். ஆனால் அதைப் படித்தவர்கள் எதைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள்? அந்தக் காலத்தில் புழங்காத சொல் உள்ளே வராமல் காவல் காத்திருக்கிறார் என்பதைப் பார்த்து. துணிக்கு, நகைக்கு, ஆயுதத்துக்கு, அழைப்புக்கு, ஏச்சுக்கு அந்தந்தச் சொல். அது எப்படி முடிந்தது? மீரின் ஆறு திவான்களையும் காலிப்பையும் 46 தொகுதிகளையும் சொல் சொல்லாகத் துருவிய ஒருவரால் மட்டும் முடிந்தது. நாவல் என்கிற பந்தலைக் காட்டுகிறார்கள் எதிரணியினர். கால் நட்டவர் யார் என்று கேட்கிறேன்.

விருதுக் கணக்கும் சொன்னார்கள். சாகித்திய அகாதமி, 1986, எதற்கு? 'தன்கீதி அஃப்கார்', விமர்சன நூல். சரஸ்வதி சம்மான், 1996, எதற்கு? மீர் பற்றிய அந்த நான்கு தொகுதிகளுக்கு. இரண்டும் வந்தபோது நாவலில் ஒரு வரிகூட அச்சேறவில்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது ஐயா. கடன் பாக்கி ஒன்று இருக்கிறது. அழுதிருக்கிறார்களா என்ற கேள்வி. மீரின் ஒரு ஈரடி, பாடகர்கள் பாடிப் பாடி உங்களில் பலர் கேட்டது:

பத்தா பத்தா பூட்டா பூட்டா ஹால் ஹமாரா ஜானே ஹை
ஜானே ந ஜானே குல் ஹீ ந ஜானே, பாக் தோ சாரா ஜானே ஹை

இலை இலையாக, செடி செடியாக என் நிலைமை தெரியும். தெரியுமோ தெரியாதோ, பூவுக்குத்தான் தெரியாது. தோட்டம் முழுக்கத் தெரியும். பாட்டாகக் கேட்டபோது எனக்கு இது ஒரு சோகப் புலம்பல், அவ்வளவுதான். ஃபாரூக்கியைப் படித்த பிறகு அவர் காட்டிய வழியில் நானாக மறுபடி படித்தேன். பூ என்றால் காதலி. தோட்டம் என்றால் ஊர். அப்படியானால் இது நம் அலர், ஊரே தூற்றுகிறது, அவளுக்கு மட்டும் சேதி போகவில்லை. 'பத்தா பத்தா பூட்டா பூட்டா' என்று சொல்லிப் பாருங்கள், இலைக்கு இலை கிசுகிசுக்கிற சத்தம் கேட்கிறதா? அந்தக் கிசுகிசு எல்லா இலையையும் தாண்டி, அதே செடியின் நுனியில் இருக்கிற பூவின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. அப்புறம் அந்த 'தெரியுமோ தெரியாதோ'. அவளுக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாளா? சொல்கிறவனுக்கே தெரியவில்லை. அவன் குறைப்படுகிறானா, சிரிக்கிறானா, தன்னை ஊரே பேசுகிறது என்று பெருமைப்படுகிறானா, அதையும் மீர் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தொண்டை அடைத்தது. சகோதரி, அதை அழுகை என்று நீங்கள் சேர்த்துக்கொள்வீர்களா என்று நடுவர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.