திரைக்குப் பின்னால் தங்க வில்வம்

அன்பர்களே, தாய்மார்களே!

காலையில் திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும் முடித்துவிட்டு, இந்த மார்கழிப் பனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தில்லையை, அதாவது சிதம்பரத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோபுரத்தில் தொடங்கினால் விடிந்துவிடும். நேராக நடராஜர் ஆடும் சிற்றம்பலத்துக்கே போய்விடுவோம். அங்கேயும் ஒரு திரைச்சீலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு ஆறு வயது இருக்கும். ஆச்சி சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனாள். கூட்டத்தில் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நடராஜப் பெருமானுக்கு வலப்பக்கம் ஒரு சிறு வாயில், அதில் ஒரு திரை. தீட்சிதர் அதை விலக்கிக் கற்பூர ஆரத்தி காட்டினார். சுவரில் தங்க வில்வ மாலைகள் சரம்சரமாகத் தொங்கின. அவ்வளவுதான். திரை மூடிவிட்டது. “சாமி எங்க ஆச்சி?” என்று கேட்டேன். ரயிலில் ஊர் வந்து சேரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

சிதம்பர ரகசியம் என்று உலகமே சொல்லும் இடம் அது. சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் வெளி. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத்துக்கு உரியது. ஆகாயத்துக்கு எந்தச் சிற்பி வடிவம் செதுக்குவான்? அதனால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, வில்வம் சாத்தி வழிபடுகிறார்கள். பக்கத்திலேயே உருவமாக ஆடும் நடராஜர் இருக்கிறார். உருவம் என்றும் சொல்ல முடியாமல், அருவம் என்றும் சொல்ல முடியாமல் படிகலிங்கம் இருக்கிறது. உருவம், அருவுருவம், அருவம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் கும்பிடும் கோயில் இது.

கூரை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொன்னம்பலம் என்றும் சொல்லும் அந்தச் சிற்றம்பலத்தின் மேல் 21,600 பொன் ஓடுகள் என்பார்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 21,600 வரும். அந்த ஓடுகளைப் பிடித்து நிறுத்தும் ஆணிகள் 72,000. அது உடம்பில் ஓடும் நாடிகளின் எண்ணிக்கை. நாம் விடும் மூச்சுக்கு அடியில்தான் அவர் ஆடுகிறார்.

இனி அந்த ஆட்டத்துக்கு வருவோம். உடுக்கை ஏந்திய கை படைக்கிறது. அபயம் காட்டும் கை காக்கிறது. தீ ஏந்திய கை அழிக்கிறது. இது மூன்றும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சைவ சித்தாந்தம் சொல்லுவது ஐந்தொழில். மீதி இரண்டும் திருவடிகளில் இருக்கின்றன. தூக்கிய இடது பாதம் அருளல். ஊன்றிய வலது பாதம் மறைத்தல்.

மறைப்பது ஒரு கடவுள் செய்கிற வேலையா என்று கேட்கத் தோன்றும். பால்குடி மறக்கடிக்கும் தாயை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். மார்பில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொள்வாள். பிள்ளை வாய் வைத்துவிட்டு, கசந்துபோய் வீறிட்டு அழும். அம்மாவுக்கு என்மேல் ஆசை போய்விட்டது என்றுகூட அது நினைத்திருக்கும். சோற்றுக்குப் பழக வேண்டும் என்று அவள் அழுதுகொண்டே செய்கிற வேலை அது. பக்குவம் வரும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகத்தைக் காட்டுகிறான். நம் முன்னோர் அதற்கு மறக்கருணை என்று பெயர் வைத்தார்கள். கருணை என்ற சொல்லை அங்கே விடவில்லை, பாருங்கள்!

அந்த ஊன்றிய பாதத்துக்குக் கீழே கிடப்பவன் முயலகன். ஆணவத்தின் உருவம் அவன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் நடராஜர் செப்புத்திருமேனிகளுக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். எல்லோரும் தூக்கிய திருவடியையே பார்ப்பார்கள். நீங்கள் ஒருமுறை குனிந்து பீடத்தைப் பாருங்கள். சோழர் காலத் திருமேனிகள் பலவற்றில் முயலகன் கையில் பாம்பைப் பிடித்தபடி தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் சாகவில்லை. உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலம் அழிவதில்லை, அதன் சக்திதான் மடங்கும் என்று சித்தாந்தம் சொல்வதை, அந்தச் சிற்பி ஒரு கழுத்தை நிமிர்த்திக் காட்டிவிட்டான். நூறு பக்கம் படித்தும் எனக்குப் பிடிபடாதது அங்கே நின்றபோது பிடிபட்டது.

இப்போது அந்தத் திரைக்குத் திரும்புவோம். அதன் வெளிப்பக்கம் கருப்பு, உள்பக்கம் சிவப்பு. நாம் நிற்கும் பக்கம் அறியாமை, அவர் இருக்கும் பக்கம் ஞானம் என்பார்கள். ஊன்றிய பாதம் செய்வதையேதான் அந்தத் துணியும் செய்கிறது. மறைக்கிறது. தீட்சிதர் கை பட்டதும் அதே துணிதான் விலகுகிறது.

இன்னொன்றும் உண்டு. மற்ற சிவாலயங்களில் மூலவர் கருவறையை விட்டு வெளியே வரமாட்டார், உற்சவர்தான் வீதிக்கு வருவார். தில்லையில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவராகிய நடராஜரே தேரேறி வருகிறார். இத்தனை மறைவுக்குள் இருப்பவர், நேற்று நான்கு வீதிகளிலும் பட்டப்பகலில் வந்தார். இளநீர்க் கடைக்காரரும் பார்த்தார், மாடியில் துணி உலர்த்திய பெண்ணும் பார்த்தாள்.

ஆச்சி காலமாவதற்குச் சில மாதம் முன்பு அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்டேன். “திரை விலகினப்ப நீ என்னதான் பாத்த?”

“நான் எங்கப்பா பாத்தேன்? திரை விலகினதுமே கண்ணை மூடிட்டேனே” என்றாள்.