ஒரு கிழங்கு 2,400 ரூபாயா? விஷால்கட் கொடியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மண் கலவை வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். காலையில் நம் சேனலைப் பார்க்கிற ஒரு தங்கச்சி ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பி, "அக்கா, இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள், அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. ஆன்லைனில் செடி விற்கிற ஒருவர், மண் ஒட்டிய ஒரு கிழங்கைப் படம் பிடித்துப் போட்டு, "புதிதாகக் கண்டுபிடித்த செரோபீஜியா சிவராயியானா, மிக மிக அரிது, 2,400 ரூபாய், கூரியர் தனி" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாயிரத்து நானூறு. கூரியர் வேறு தனி. இத்தனை விலை வைக்கிறவர் அந்த கூரியர் காசையாவது உள்ளே சேர்த்திருக்கக் கூடாதா? செரோபீஜியா என்பது எருக்குக் குடும்பத்தில் ஒரு பேரினம், அதில் நிறைய இனங்கள் உண்டு. என் மாடியில் இருக்கிற ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ், இதய வடிவ இலைகளோடு தொங்குகிற கொடி, அதுவும் ஒரு செரோபீஜியாதான், நர்சரியில் 120 ரூபாய்க்கு வாங்கினேன், தொட்டியும் சேர்த்து. அந்தத் தொட்டியை இன்னும் வைத்திருக்கிறேன், விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. 2,400 ரூபாய்க்கு அந்த மாதிரி இருபது தொட்டி வாங்கி மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கத் தொங்கவிடலாம்.

சரி, விலையை விடுங்கள். எனக்குக் கோபம் வந்தது விலையால் மட்டும் இல்லை.

சிவராயியானா என்கிற இந்தக் கொடியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2023-இல் மகாராஷ்டிராவில் கோல்ஹாபூர் பக்கத்திலிருந்து வந்த சேதி இது. விஷால்கட் கோட்டையில் தாவரங்களைத் தேடிப்போன அக்ஷய் ஜங்கமும் கூட இருந்த ஆய்வாளர்களும் ஒரு கொடியைப் பார்க்கிறார்கள். பார்த்தால் செரோபீஜியா லாவியி என்கிற, ஏற்கெனவே பெயர் வைத்த செடியின் சாயல். ஆனால் லாவியி நிமிர்ந்து நிற்கிற செடி, இதுவோ பக்கத்துச் செடியைப் பற்றிச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. பூவின் பாகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது வேறு இனம்தான் என்று உறுதி செய்து, ஃபைட்டோடாக்ஸா என்கிற தாவர வகைப்பாட்டு ஆய்விதழில் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் எஸ்.ஆர். யாதவும் இருக்கிறார். மகாராஷ்டிராவின் செரோபீஜியாக்களைப் பற்றி யார் படித்தாலும் அவர் பெயரைத் தாண்டாமல் போக முடியாது, அத்தனை காலம் இந்தக் கூட்டத்தின் பின்னால் நடந்தவர்.

சிவராயியானா என்கிற பெயர் சத்ரபதி சிவாஜிக்காக வைத்தது. விஷால்கட் என்றால் சும்மா இல்லை. 1660-இல் பன்ஹாளா முற்றுகையிலிருந்து தப்பித்த சிவாஜி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்து சேர்ந்த கோட்டை அதுதான். அவர் வந்து சேரும்வரை பாஜி பிரபு தேஷ்பாண்டே ஒரு கணவாயில் நின்று எதிரிப் படையைத் தடுத்து உயிரை விட்டார். அப்பேர்ப்பட்ட கோட்டையின் சரிவில் இந்தக் கொடி இருந்திருக்கிறது. நம் செஞ்சி ராஜகிரி வீடியோவில் சொன்னேனே, 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை என்று? 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை செஞ்சிதான். விஷால்கட் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் என் கண்ணுக்கு இந்த ஒரு கொடிக்காகவே அது பெரிய கோட்டை.

கோட்டை என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. செங்குத்தான சரிவு, மாடு ஏறாது, மண்வெட்டி எளிதில் போகாது. கீழே எல்லாம் மேய்ந்து, எரித்து, உழுது முடித்த பிறகும் அந்த விளிம்புகளில் சில செடிகள் தப்பி நிற்கின்றன. புது இனம் என்றதும் நேற்று முளைத்தது என்று நினைக்காதீர்கள். அது அங்கேயேதான் இருந்தது. வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும், மழை விழுந்ததும் கொடி கிளம்பும், மழைக்காலத்திலேயே பூத்துக் காய்த்து, ஈரம் போனதும் மேலே எல்லாம் காய்ந்து திரும்ப கிழங்குக்குள் போய்விடும். நாமெல்லாம் டிசம்பரில் ஜாலியாக ட்ரெக்கிங் போகிறோம், அப்போது அங்கே பார்க்க ஒரு இலைகூட மிச்சம் இருக்காது. பாறை வழுக்குகிற ஆகஸ்ட் மழையில், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்குத்தான் அது தெரியும். அவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

இப்போது பூவுக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சிவராயியானா என்னிடம் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் செரோபீஜியா பூக்களின் அடிப்படை அமைப்பு ஒன்றுதான், அதனால் என் ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ் பூவை வைத்தே காட்டுகிறேன். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், ஒரு நிமிடம்.

இந்த லென்ஸைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். போனில் மாட்டுகிற கிளிப் மேக்ரோ லென்ஸ், 649 ரூபாய். மாடி வெளிச்சத்தில் இதைவிட நன்றாக ஒன்றும் வேண்டாம். பெரிய லென்ஸ் வாங்குங்கள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு இதுவே போதும். இந்த கிளிப்பின் ரப்பர் மட்டும் கொஞ்சம் தளர்வு, அதற்குச் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று வைத்தேன், அசையாமல் நிற்கிறது.

இதோ. பூ என் சுண்டுவிரலில் பாதி நீளம்தான். மேலே பாருங்கள், ஐந்து கருஊதா இதழ் மடல்கள், நுனியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவில் ஐந்து சந்து. அரிக்கேன் விளக்கு மாதிரி இருக்கிறது இல்லையா? மடல் ஓரத்தில் மெல்லிய ரோமம். கீழே வெளிறிய இளஞ்சிவப்புக் குழாய், அடியில் சட்டென்று உப்பியிருக்கிறது. இப்போது பிளேடால் நீளவாக்கில் பிளக்கிறேன். குழாயின் உள்சுவர் தெரிகிறதா? ரோமம் எல்லாம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மேலே இருந்து வருகிற குட்டி ஈ அந்தச் சந்து வழியாக நுழைந்து வழுக்கி உள்ளே விழும். ஏறப் பார்த்தால் ரோமம் விடாது. அடியறையில் வெளிச்சம் புகுகிற மெல்லிய பகுதி இருக்கும், ஈ அதை நோக்கியே போய்க்கொண்டிருக்கும், அங்கேதான் மகரந்தம். நம் எருக்கிலும் வேலிப்பருத்தியிலும் இருக்கிற அதே அமைப்பு: இரண்டு மகரந்தக் கட்டிகளை ஒரு குட்டி கிளிப் பிணைத்திருக்கும், அது ஈயின் வாயில் மாட்டிக்கொள்ளும். பிறகு ரோமம் வாடும், பூ சாயும், ஈ வெளியே போகும். போய் அடுத்த பூவில் விழும். இதோ, அடியறையில் ஒன்று இருக்கிறது! உயிரோடு இருக்கிறது, பாருங்கள், கால் அசைகிறது. போ, போ, பறந்துபோ.

ஈ ஏன் வருகிறது? தென்னாப்பிரிக்காவின் செரோபீஜியா சாண்டர்சோனியியைப் பற்றி 2016-இல் வந்த ஆய்வு இருக்கிறது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிலந்தி தேனீயைப் பிடித்தால், அடிபட்ட தேனீயிலிருந்து ஒரு வாசனை வரும். சில குட்டி ஈக்கள் அந்த வாசனையைப் பிடித்து வந்து, தேனீயின் உடம்பிலிருந்து கசிவதைக் குடிக்கும். அந்தப் பூ அதே வாசனையை உண்டாக்குகிறது. தேனீயும் இல்லை, சிலந்தியும் இல்லை, ஈ மட்டும் வந்து விழுகிறது. ஒரு கொடி இவ்வளவு வேலை பார்க்கிறது மக்களே, இதைப் போய் வெறும் "அரிய கிழங்கு" என்று எப்படி எழுத மனசு வருகிறது?

அட, இன்னொன்று விட்டுவிட்டேன். சிவாஜி பெயரைத் தாங்கின பூ ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஃப்ரேரியா இண்டிகா, 1860-களில் தாவரவியலாளர் டால்செல் விவரித்தது, பம்பாய் கவர்னராக இருந்த பார்ட்டில் ஃப்ரேரின் பெயர் அதற்கு. மராத்தியில் சிவசுமன் என்கிறார்கள், சிவாஜி பிறந்த சிவநேரி இருக்கிற ஜுன்னர் பக்கத்துச் செடி. 2017-இல் வந்த ஒரு வகைப்பாட்டை ஏற்றால் அதுவும் செரோபீஜியாவுக்குள் வந்துவிடும். அதே வகைப்பாட்டில் நம் ஊர் கள்ளிமுளையானும் உள்ளே வருகிறது! கள்ளிமுளையான் துவையல் சாப்பிட்டவர்கள் கமெண்டில் கையைத் தூக்குங்கள்.

நம் பக்கமும் செரோபீஜியாவுக்குக் குறைவில்லை. முட்புதர்க் காட்டில் இலையே இல்லாத மாதிரி பச்சைத் தண்டாகச் சுற்றிக்கிடக்கிற ஜுன்சியா, அதை தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1790-களிலேயே கோரமண்டல் கரைத் தாவர நூலில் படம் போட்டு விவரித்தார். நீலகிரியில் பார்னெஸியி, புசில்லா என்கிற இனங்கள். இந்தியா முழுக்க ஏறக்குறைய 60 இனம், அதில் நிறைய மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது.

சரி, விற்பனைக்கு வருகிறேன். நான் அந்த விற்பனையாளருக்கு மெசேஜ் போட்டேன், "பூவின் படம் அனுப்ப முடியுமா?" என்று. "பூத்தால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில். இதுதான் விஷயமே! செரோபீஜியாவில் இனத்தைச் சொல்வது பூ. மடலின் நீளம், குழாயின் வளைவு, உள்ளே இருக்கிற அமைப்பு, இதையெல்லாம் பார்த்துத்தான் அந்த ஆய்வாளர்களே வேறு இனம் என்றார்கள். காய்ந்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு இது சிவராயியானா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியென்றால் ஒன்று, அது ஏதோ ஒரு கிழங்கு, பொய்ப் பெயரில் 2,400 ரூபாய். இல்லை, பூத்தபோதே அடையாளம் பார்த்துவைத்து அந்தக் கோட்டைச் சரிவிலிருந்து தோண்டியது. எனக்கு முதலாவது தேவலை. ஏமாந்தது பணம் மட்டும்தான் என்றாகும். இரண்டாவது என்றால், வெயில் காலத்தில் அந்தச் செடியின் உயிர் மொத்தமும் அந்தக் கிழங்கில்தான் இருக்கிறது. அதைத் தோண்டினால் அங்கே அடுத்த மழைக்கு அது கிளம்பாது. பன்றியும் முள்ளம்பன்றியும் தோண்டித் தின்றது போக மிஞ்சியதை நாமும் பார்சல் போட வேண்டுமா?

தங்கச்சி, வாங்காதே. இந்த வீடியோ பார்க்கிற யாரும் வாங்காதீர்கள், "அக்கா, எனக்கு மட்டும் ஒன்று" என்று என்னிடமும் கேட்காதீர்கள். அந்த விளம்பரத்தை நான் ரிப்போர்ட் செய்துவிட்டேன், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

செரோபீஜியா வளர்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ் இருக்கிறது. அதன் கொடியிலேயே கணுவுக்குக் கணு பட்டாணி அளவில் கிழங்கு வரும், இதோ இங்கே ஒன்று. அதை மணல் கலந்த மண்ணின் மேல் பாதி புதைகிற மாதிரி வைத்து, கொடியைக் கிளிப்பால் அசையாமல் பிடித்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் தேங்க விடாதீர்கள். இந்தத் தொட்டியில் இப்போது நிறைய வந்திருக்கிறது. வேண்டுமென்கிறவர்கள் கமெண்டில் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள், போன் நம்பர் போட வேண்டாம், நானே பதில் போடுகிறேன். கிழங்குக்குக் காசு வேண்டாம், கூரியர் காசும் என்னுடையது.