அது ஒனக்க மாப்பிள இல்ல பிள்ளே!

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோயில் கொடையானாலும் சரி, பங்குத் திருவிழாவானாலும் சரி, வாசகசாலை ஆண்டு விழாவானாலும் சரி, கடைசி நாள் ராத்திரி ஒரு நாடகம் கட்டாயம் உண்டு என்றிருந்த காலத்தில் நம் குமரி மாவட்டத்தில் வளர்ந்தவன் நான். அந்த மேடைகளில் நடித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன், படுதாவும் இழுத்திருக்கிறேன். சரித்திர நாடகம், பைபிள் நாடகம், சீர்திருத்த நாடகம் என்று எல்லாம் பார்த்தாலும் என் மனசு ஒட்டிக்கொண்டது ஒரே வகையில்தான். புருசன்மேல் பெண்டாட்டிக்குச் சந்தேகம், பெண்டாட்டிமேல் புருசனுக்குச் சந்தேகம், தம்பியை அண்ணன் என்று நினைத்துவிடுவது, இப்படி ஒரு வீட்டுக்குள்ளே முடிச்சு விழுந்து, அது மேலும் மேலும் இறுகி, கடைசியில் அவிழுகிற நாடகம்.

சிரிப்பு நாடகம்தானே என்று இதைப் பலர் ஒரு படி கீழே வைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அழ வைக்கிற நாடகத்தில் ஒரு வசனம் பிசகினால் அடுத்த வசனத்தில் சரிக்கட்டிவிடலாம். இதில் ஒரு நொடி பிந்தினால் அரை மணி நேரமாகக் கட்டியது அத்தனையும் விழுந்துபோகும். அதனால் சொல்கிறேன், மேடையில் இதைவிடக் கடினமான வேலை வேறு இல்லை.

ஒரு சின்னக் கதை சொல்கிறேன், நாங்கள் போட்டதுதான். நம்ம ஊர்க்காரர்களுக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் தெரியாமல் இருக்காது. ஒருவர் நெஞ்சுவலி என்று வீட்டில் சொல்லப் பயந்து, கம்பெனி விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போகிறார். டெஸ்ட் முடிய நேரமாகிவிட்டது, ஒரு லாட்ஜில் தங்குகிறார். மறுநாள் வீட்டில் சட்டையை நனைக்கப் போகும் மனைவி பையில் கைவிடுகிறாள். லாட்ஜ் ரசீது. அறை எண் இருக்கிறது, இரண்டு கட்டில் என்று எழுதியிருக்கிறது. ஒற்றைக் கட்டில் அறை காலி இல்லாததால் கொடுத்தது. அவ்வளவுதான், நாடகம் தொடங்கிவிட்டது. இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் மறைத்தது மனைவி கலங்கக் கூடாது என்ற அன்பில். அவள் கோபப்படுவதும் அன்பில்தான். நடுவில் ஒரு துண்டுக் காகிதம். ரசீது பொய் சொல்லவில்லை, பாதி உண்மையைச் சொல்கிறது. இந்த வகை நாடகத்தின் உயிரே இந்தப் பாதி உண்மைதான்.

மீதிப் பாதி யாருக்குத் தெரிய வேண்டும்? பார்க்கிறவர்களுக்கு. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். மேடையில் இருக்கிறவனுக்குத் தெரியாதது மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசிவரை மூடி வைத்து, முடிவில் திடீரென்று திறந்துகாட்டினால் அது துப்பறியும் கதை. முதலிலேயே காட்டிவிட்டால்தான் சிரிப்பு.

பாட்டி என்றதும் அந்த ராத்திரி நினைவுக்கு வருகிறது. கடலோரத்துப் பக்கம் ஒரு ஊரில் திருவிழா நாடகம். அண்ணன் தம்பி இரட்டைப் பிள்ளைகள், இரண்டு வேடத்துக்கும் ஒரே நடிகர். தம்பிக்குத்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஊர் ஊராகத் திரிந்துவிட்டுப் பல வருசம் கழித்து வந்து நிற்கும் அண்ணனைத் தம்பியின் மனைவி, கணவன் என்று நினைத்து உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். தம்பிக்கு வெள்ளைச் சட்டை, அண்ணனுக்கு நீலச் சட்டை. அது ஒன்றுதான் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் கொடுத்த அடையாளம். அவள் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே கணவனிடம் பேசுவதுபோல வீட்டு விஷயம் எல்லாம் பேசுகிறாள். சீட்டுப் பணம், மாமியார் சொன்ன சொல், அடுத்த வீட்டுக்காரி வாங்கிய வளையல். அண்ணன்காரன் பதில் சொல்லத் தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். அப்போது முன்வரிசையில் இருந்து ஒரு பாட்டி எழுந்து நின்றுவிட்டார்.

"ஏ மக்ளே! அது ஒனக்க மாப்பிள இல்ல பிள்ளே! சட்டையப் பாரு, சட்டைய!"

மைதானமே அந்தப் பாட்டி பக்கம் திரும்பியது. மனைவி வேடம் கட்டிய தங்கச்சி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவன் சட்டையை மேலும் கீழுமாக நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முகம் மலர, "புதுச் சட்டையா? எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே!" என்று கேட்டாள்.

நேயர்களே, அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. பாட்டி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வசனம் எழுதி வைத்ததில்லை. அந்தப் பிள்ளை பாட்டி சொன்னதைக் கேட்டாள், சட்டையைப் பார்த்தாள், பார்த்தும் ஏமாந்தாள். தான் ஏமாந்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே முகத்தில் இல்லை. இந்த வகை நடிப்பின் பாடம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. சிரிக்க வைக்க வேண்டும் என்று நடிக்கக் கூடாது. அவளுக்கு அது நிஜமான சாப்பாட்டு நேரம், நிஜமான கணவன். நம்பி நடித்தால் சிரிப்பு தானாக வரும்.

இரட்டையர் கதை நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. ரோமாபுரியில் பிளாட்டஸ் என்ற நாடகக்காரர் சுமார் 2,200 வருசத்துக்கு முன்னாலேயே மேடையேற்றியது. அதை எடுத்து ஷேக்ஸ்பியர், எசமான் இருவர் இரட்டை, வேலைக்காரர் இருவரும் இரட்டை என்று ஆக்கினார். 1594 டிசம்பரில் லண்டனில் வக்கீல்கள் தங்கிப் படிக்கும் கிரேஸ் இன் விடுதியில், கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின்போது அது நடந்திருக்கிறது. அதில் ஒரு இடம் எனக்கு உயிர். கணவன் விருந்தாளியோடு வீட்டுக்கு வந்து சொந்தக் கதவைத் தட்டுகிறான். உள்ளே அவன் மனைவி, அவனுடைய இரட்டைச் சகோதரனைக் கணவன் என்று நினைத்துச் சாப்பாட்டுக்கு உட்கார்த்தியிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. வெளியே நிற்பவனுக்கு என்ன தோன்றும்? விருந்தாளி முன்னால், தெருவே பார்க்க, சொந்த வீட்டு வாசலில்!

இந்தக் கதவைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். பந்தல் மேடையில் கதவு என்றால் சீன் துணியில் வரைந்த கதவுதான். நடிகர் துணியை ஒதுக்கிக்கொண்டு வருவார். மற்ற நாடகத்துக்கு அது போதும். இதற்குப் போதாது. மரநிலையில் கீல் போட்டு மாட்டிய நிஜக் கதவு வேண்டும், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். நிலைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபத்தோடு கதவைச் சாத்தும்போது சுவரே ஆடும். மேடையைப் பார்க்கத் திறக்கும் கதவானால் அதன் பின்னால் ஒரு ஆளை ஒளித்துவைக்கலாம். மறுபக்கம் திறந்தால் வருகிறவர் முகம் உடனே தெரியும். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை வசனம் எழுதும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்தில் மைக் மேலேயிருந்து தொங்கும். நடிகர் ஓடிவந்து மைக்குக்கு நேரே நின்றால்தான் பேச்சு கேட்கும். கதவோரம் நின்று சொல்லும் ரகசியம் காற்றோடு போய்விடும். அதனால் நாங்கள் கதவுக்கு நேர் மேலேயே ஒரு மைக்கைத் தொங்கவிடச் சொல்வோம். ஒரே நடிகர் இரண்டு வேடம் கட்டினால் மேடைக்குப் பின்னால் ஓட வழியும் வேண்டும். ஒரு ஊரில் பின்பக்கம் வாழைத்தோட்டம். டார்ச் பிடித்துக்கொண்டு ஒரு பையன் முன்னால் ஓட, நடிகர் சட்டையை மாற்றிக்கொண்டே பின்னால் ஓடுவார்.

இதில் மேல்நாட்டுக் கெட்டிக்காரர் பிரான்சு நாட்டு ஜார்ஜ் ஃபெதோ. 1862-ல் பிறந்து 1921-ல் மறைந்தவர். 1907-ல் பாரிஸில் அரங்கேறிய அவருடைய ஒரு நாடகத்தில் எல்லாம் ஒரு தபாலில் தொடங்குகிறது. கால்சட்டையைத் தோளில் மாட்டிப் பிடிக்கிற வார் ஒன்று, பெயர் கெட்ட ஒரு ஓட்டலிலிருந்து பார்சலில் திரும்பி வருகிறது. கணவன் அதை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டது மனைவிக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க, தன் தோழியைக் கொண்டு முகம் தெரியாத ஒரு பெண் எழுதுவதுபோலக் காதல் கடிதம் எழுதவைக்கிறாள். கணவன் அதை வாங்கிப் பார்த்து, இது எனக்கு வந்திருக்காது, என் நண்பனுக்கு வந்திருக்கும் என்று நம்பி, அந்தத் தோழியின் கணவனிடமே காட்டிவிடுகிறான். கையெழுத்து யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா? துப்பாக்கியோடு கிளம்புகிறான். போதாததற்கு, அந்த ஓட்டல் வேலைக்காரன் கணவனை உரித்துவைத்த மாதிரி இருக்கிறான். எங்கள் லாட்ஜ் ரசீது செய்ததைத்தான் அந்த வாரும் கடிதமும் செய்கின்றன. ஃபெதோவின் ஆட்களில் சிலர் தப்புச் செய்ய ஆசைப்பட்டேதான் ஓட்டலுக்குப் போகிறார்கள். ஆனால் கதவுகள் விடுவதில்லை. ஒருவர் வெளியே போக, இன்னொருவர் உள்ளே வர, ஆசை நடக்காமலே போகிறது, பழி மட்டும் மேலே விழுகிறது.

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று சிலர் சொல்வார்கள். சுசீந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லலாமா? கௌதமர் உருவில் அகலிகையிடம் போன இந்திரன் சாபம் தீர்ந்து தூய்மை அடைந்த தலம் அல்லவா அது? நடுச்சாமத்தில் கோழிபோலக் கூவி முனிவரை ஆற்றுக்கு அனுப்பினானே, அந்தக் கூவல் நாடகத்துக்குரிய உத்தி. பிளாட்டஸின் வேறொரு நாடகத்திலும் தேவராஜனான ஜூபிடர் போருக்குப் போன கணவனின் உருவத்தில்தான் வருகிறான், கணவனும் அன்றைக்கே திரும்பிவிடுகிறான். அங்கே சிரிப்பு, இங்கே சாபம். அகலிகைக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. முப்பந்தல் பக்கம் போனால் இசக்கியம்மன் இருக்கிறாள். அவள் கதையான நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும். பழிவாங்க வந்த நீலி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைக் காட்டி, இவர்தான் என் கணவர் என்று ஊர்ச் சபையில் நிற்கிறாள். அவன், இவள் என் மனைவியே இல்லை என்று கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்கிறது. சபை யாரை நம்பும்? இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவடைக்கிறது, விடிவதற்குள் அவன் உயிர் போய்விடுகிறது. ஆள்மாறாட்டம், பொய்ச் சாட்சி, கதவடைத்த அறை, எல்லாம் இருக்கிறது. உண்மை வெளிவர நேரம் கிடைத்தால் சிரிப்பு நாடகம், நேரம் கிடைக்காவிட்டால் நீலி கதை. அதனால்தான் பயம் நிஜமாக இருக்க வேண்டும் என்று நடிகர்களிடம் மன்றாடுகிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்தே சபாபதியில் சிரிக்க வைத்தவர். நம்ம ஒழுகினசேரி கலைவாணரை ஒரு வாக்கியத்தோடு விடுவது மனசுக்கு ஒப்பவில்லை, வேறு வழியில்லை. யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைக்கலாம் என்று காட்டிய மனிதர் அவர். மனைவியை அடிப்பதையும் நிறத்தைப் பழிப்பதையும் சிரிப்பு என்று மேடையில் வைக்காதீர்கள், அது சோம்பேறித்தனம்.

ஆள் எங்கே இருக்கிறார் என்று செல்போன் சொல்லிவிடுகிறதே, இனி இந்த நாடகம் எடுபடுமா என்று கேட்கிறார்கள். எடுபடும். லண்டனில் 1983 முதல் வருடக்கணக்கில் ஓடிய ரே கூனியின் நாடகத்தில், இரண்டு வீடு இரண்டு மனைவி வைத்திருக்கும் டாக்ஸி டிரைவரை மாட்டிவிடுவது வீட்டுத் தொலைபேசியும் போலீசுக்குக் கொடுத்த முகவரியும்தான். இன்றைக்கு ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறி விழும் ஒரே ஒரு குரல் பதிவு போதும். மேடை ஏற நினைக்கும் பிள்ளைகள் முதல் நாள் ஒத்திகைக்கே கதவைக் கொண்டுவாருங்கள். அது கிடைக்காவிட்டால் இரண்டு நாற்காலியாவது போட்டு, நடுவில் போய்வந்து பழகுங்கள். நன்றி, வணக்கம்.