பெய்க் பாட்டியின் கதை இப்போது எங்கே இருக்கிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஐரிஷ் பண்பாட்டை வாழவைப்பது ஊர்மக்களா, பல்கலைக்கழகமா என்பது இன்றைய தலைப்பு. பல்கலைக்கழகமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, "பிடில் வாசிக்க ஆள் இருக்கிறது, அடுப்போரம் கதை சொல்லப் பாட்டி இருக்கிறாள், பேராசிரியருக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டார். சரி, அந்தப் பாட்டியிடமிருந்தே தொடங்குகிறேன்.

அயர்லாந்தின் மேற்குக் கடலில் பிளாஸ்கெட் என்றொரு தீவு. அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவர் பெய்க் சேயர்ஸ். நூற்றுக்கணக்கான கதைகள் அவர் நாவில் இருந்தன. ஆனால் தன் தாய்மொழியான ஐரிஷை எழுத அவருக்குத் தெரியாது. அவர் போன பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பாடம்! தன் வாழ்க்கைக் கதையைக்கூட வாயால் சொல்லி, மகனை எழுத வைத்தார். 1953இல் அந்தத் தீவில் மிஞ்சியிருந்தவர்களும் கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று பல வீடுகளுக்குக் கூரையே இல்லை. அடுப்போரம் எங்கே, நடுவர் அவர்களே? கேட்க உட்கார்ந்த பிள்ளைகள் எங்கே? எத்தனையோ பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

கதை மட்டும் இருக்கிறது. எப்படி? 1935இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் சேகரிப்பாளர்கள், மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் எடிஃபோன் என்ற கனத்த கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கதையைப் பதிந்துகொண்டு வந்து, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, சொல்லுக்குச் சொல் நோட்டில் எழுதினார்கள். எழுதி முடித்ததும் உருளையின் மேல்மெழுகைச் சீவிவிட்டு அடுத்த கதைக்கு அதையே எடுத்தார்கள். புது உருளைக்குப் பணம் போதவில்லை. எத்தனை குரல்கள் அந்த மெழுகுச் சீவலோடு போயிருக்கும்! இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. ஆனால் எழுத்து நின்றது.

1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளும் இறங்கினார்கள். வகுப்புக் கட்டுரைக்குப் பதிலாக, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். புதையல் கதை, கைவைத்தியம், மழைக்குறி, உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் ஊர் பட்ட பாடு என்று சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன.

"பார்த்தீர்களா, சேர்த்தது மக்கள்தானே!" என்று எதிரணி எழுந்து நிற்கும். சேர்த்தது மக்கள்தான், மறுக்கவில்லை. காத்தது யார்? 1971இல் அந்தச் சேகரிப்பு முழுவதும் யூனிவர்சிட்டி காலேஜ் டப்ளின் என்ற பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அதைப் பாடமாக நடத்தினார்கள், ஆய்வு செய்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை இன்று இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே அந்தக் கையெழுத்துகளைத் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள். கொள்ளுப்பாட்டி சிறுமியாக இருந்தபோது எழுதிய பக்கத்தை, ஊர்ப் பெயரைத் தட்டித் தேடி எடுக்கலாம். பண்பாட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுகிறவர்கள் செய்கிற வேலையா இது?

எதிரணி சொன்னதில் ஒன்று உண்மை. பெய்க்கின் வாழ்க்கைக் கதையைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கசப்பேற்றினார்கள். எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் அது பள்ளித் தேர்வு செய்த வேலை, பல்கலைக்கழகம் செய்ததல்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நாட்டர்டேம் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஐரிஷ் மொழிக்கும் இலக்கியத்துக்கும் அங்கே தனித் துறையே இருக்கிறது. கடல் தாண்டிய ஊரில், எத்தனையோ மொழிகளுக்கு நடுவே இதைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த வாசலைத் திறந்து வைத்தது யார்?

தோழியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அமர்கிறேன். பெய்க் பாட்டி சொன்ன கதையை இன்று ராத்திரி நீங்கள் கேட்க வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? தீவில் திறக்க ஆளில்லை. டப்ளினில் இருக்கிறார்கள். கேட்டால் எடுத்துத் தருகிறார்கள்.